சுளுக்கு அல்ல

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், கல்லூரியின் முன்னாள் வலைப்பந்தாட்ட அணித் தலைவியும் கணித ஆசிரியையுமான சங்க உறுப்பினர் ஒருவர் 2025இல் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நூறு வருடத்தில் எங்கள் கல்லூரியின் விளையாட்டு என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் மூன்று பேராவது இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த வேறொன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அது எனது வலது கணுக்கால். செயலாளர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இருபது நிமிடத்துக்கு மேலே போகாதேயுங்கோ" என்றார்.

நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் கோல் டிபென்ஸ் விளையாடியவள். அந்த நாளில் எங்கள் வலைப்பந்தாட்டத் திடல் சரளைக் கல்லும் மணலும் கலந்தது. பந்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் வந்து இறங்க வேண்டும், இறங்கிய காலை இழுக்கவும் கூடாது. கணுக்கால் பிரளாத பிள்ளை எங்கள் அணியில் இருக்கவில்லை. பிரண்டால் வெளிப்பக்கம் வீங்கும், மறுநாள் கன்றிப்போய் நீலம் பாயும், நோவெண்ணெய் பூசிக் கட்டுவோம், இரண்டு மூன்று கிழமையில் மறுபடி திடலில் நிற்போம். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணுக்கால் வீக்கம் என்றால் சுளுக்கு என்று எங்களுக்குள் பதிந்திருந்தது. எனக்கும் பதிந்திருந்தது. அதுதான் பின்னால் பத்து வருடத்தைத் தின்றது.

1992இல் எனக்கு 21 வயது. தொண்டராசிரியையாகப் படிப்பித்துக்கொண்டு, பின்னேரங்களில் இங்கே வந்து 15 வயதுப் பிரிவுப் பிள்ளைகளைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சப்பாத்து இறுக்கமாக இருந்தது. கழற்றிப் பார்த்தால் கணுக்காலின் முன்பக்கம், இரண்டு குமிழுக்கும் இடையில், பிசைந்த மா போல ஒரு வீக்கம். விழவில்லை, பிரளவில்லை, நீலம் பாயவில்லை. பெரிய நோவும் இல்லை. ஒரு மாதத்தில் வற்றியது. பிறகு வந்தது. பிறகு வற்றியது. ஒவ்வொரு முறையும் வற்றும்போது முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு வற்றியது.

அம்மா என்னை ஒரு முறிவு நெரிவுப் பரியாரியாரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் எண்ணெய் போட்டு உருவினார், புக்கை கட்டினார், பத்தியம் சொன்னார். நல்ல மனிதர், காசு வாங்கவில்லை. ஆனால் உருவின ஒவ்வொரு முறையும் அன்றிரவு கால் கொதித்தது. அது ஏன் என்பது எனக்கு விளங்கியது பத்து வருடம் கழித்து. பிறகு வைத்தியசாலைக்குப் போனேன். மின்சாரமும் மருந்தும் இல்லாத காலம் அது, மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு சுத்தமாக இருந்தது. இரத்தப் பரிசோதனைகளில் வாதத்துக்கான அறிகுறி ஒன்றும் இல்லை. ஒற்றை மூட்டு நாட்பட வீங்கியிருந்தால் எங்கள் நாட்டில் கசநோயையும் நினைக்க வேண்டும், அதையும் நினைத்துப் பார்த்தார்கள். அதுவும் இல்லை. கடைசியில் ஒரு வைத்தியர் ஊசி போட்டு மூட்டுக்குள் இருந்த நீரை எடுத்தார். ஊசிக் குழாயில் வந்தது பிளேன்ரீ நிறம். "பிள்ளை, நீர் விளையாடுறனீர்தானே, பழைய அடிபட்ட இரத்தம்" என்றார்.

அந்தப் பிளேன்ரீ நிறத்திலேதான் விடை இருந்தது. அந்த வைத்தியரை நான் குறை சொல்ல மாட்டேன். மூட்டுக்குள் அடிபட்டாலும் இரத்தம் வரும், அது பழசானால் அந்த நிறந்தான். ஆனால் எனக்கு அடிபடவில்லை என்று நான் இரண்டு தடவை சொன்னேன், மூன்றாவது தடவை சொல்லவில்லை. அந்த மூன்றாவது தடவைக்காக இன்றைக்கும் மனம் குமைகிறது.

1995 ஒக்டோபர் 30 இரவு இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலர் நடந்தீர்கள். நானும் நடந்தேன். மழை. சைக்கிளில் அம்மம்மாவின் பெட்டி, அரிசி, என் சான்றிதழ்கள். சைக்கிளைத் தள்ளுகிறேன் என்று ஊரார் நினைத்திருப்பார்கள், உண்மையில் சைக்கிள்தான் என்னைத் தாங்கிக்கொண்டு போனது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்போது விடிந்துவிட்டது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் காலை நீட்டியபோது வலது கால் செருப்பு கழரவில்லை. அம்மா செருப்பின் வாரை வெட்டினார். அப்போதும் சுளுக்கு என்றுதான் சொன்னோம். எல்லோருக்கும் கால் வீங்கியிருந்த நாளில் என்னுடைய வீக்கத்துக்கு வேறு பெயர் தேட யாருக்கு மனம் வரும்?

அதற்குப் பிறகு நான் குந்தியிருக்க முடியாதவளானேன். கணுக்கால் முன்னால் மடியவில்லை. படியேறுவேன், இறங்கும்போது ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்குவேன். நாள் முழுக்க நின்று படிப்பிக்கிற தொழில். சேலை பாதம்வரை மறைத்தது, ஆகவே கேள்வி குறைவு. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் நான் தேத்தண்ணீர்த் தட்டுடன் நடந்து வந்த விதத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கதை இந்த விழாவுக்கு வேண்டாம்.

2002இல் ஏ9 பாதை திறந்தது. அந்த வருடம் கனடாவிலிருந்து என் வகுப்புத் தோழி ஒருத்தி வந்தாள். இந்தக் கல்லூரியில் ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து மேசை. பன்னிரண்டு வருடம் கழித்துக் கண்டவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, கீழே பார்த்தாள். "அடியே, அந்தக் கால் இன்னும் வீங்கித்தான் கிடக்குதோ?" என்றாள். கடிதத்தில் எப்போதோ எழுதியிருக்கிறேன், நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை. அடுத்த கிழமை இருவரும் கொழும்புக்கு பஸ் ஏறினோம். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கான காசை அவள் கட்டினாள். இன்றுவரை திருப்பி வாங்கவில்லை. அவள் இங்கே இரண்டாம் வரிசையில் இருக்கிறாள், எழும்பச் சொன்னால் என்னை அடிப்பாள்.

ஸ்கான் அறைக்குள் போகமுன் உலோகம் எல்லாம் கழற்ற வேண்டும். சேலையில் எத்தனை ஊசி என்று தாதி கேட்டார். எண்ணிப் பார்த்தோம், ஏழு. அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம். காந்தத்துக்கும் இரும்புக்கும் உள்ள உறவுதான் என் நோயைக் காட்டிக்கொடுத்தது. படத்தில் என் மூட்டின் உட்புறம் கறுப்புக் கறுப்பாக, மை கொட்டினது போல இருந்தது. சாதாரண வீக்கம் நீர், அது சில படங்களில் வெள்ளையாகத் தெரியும். என்னுடையது எந்தப் படத்திலும் கறுப்பு. அவ்வளவு இரும்பு அதற்குள் படிந்திருந்தது.

நோயின் பெயரைச் சொல்கிறேன், பயப்படாதேயுங்கோ: பிக்மென்டட் விலோநொடியுலர் சைனோவைட்டிஸ். சுருக்கமாக பி.வி.என்.எஸ். 1941இல் ஜஃபே, லிக்டன்ஸ்டைன், சுட்ரோ என்ற மூன்று மருத்துவர்கள் வைத்த பெயர். அதற்கு முன்னமே, 1852இல், ஷசேய்ன்யாக் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் விரலின் தசைநாண் உறையில் இதே இனத்துக் கட்டியைப் பார்த்து எழுதியிருக்கிறார். இப்போது உலக சுகாதார அமைப்பின் வகைப்படுத்தலில் இதற்கு டீனோசைனோவியல் ஜயன்ட் செல் ரியூமர் என்று பெயர். பெயர் மாறினதற்குக் காரணம் உண்டு, வருகிறேன்.

மூட்டின் உட்பக்கத்தில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. மூட்டுக்கு எண்ணெய் விடுவது போல வழுவழுப்பான நீரைச் சுரப்பது அதன் வேலை. இந்த நோயில் அந்தச் சவ்வு தடித்து, மயிர் மயிராகவும் முடிச்சு முடிச்சாகவும் வளர்கிறது. அந்த மயிர்களில் நொய்ந்த இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. சிறு உரசலுக்கும் கசியும். கசிந்த இரத்தத்தின் இரும்பு சவ்விலேயே தங்கித் துருவின் நிறத்தைக் கொடுக்கும். பரியாரியார் உருவின இரவுகளில் கால் கொதித்தது ஏனென்று இப்போது விளங்குகிறதா? அந்த மனிதர் அன்போடு என் மூட்டுக்குள் இரத்தக் கசிவை ஏற்படுத்திக்கொண்டிருந்தார்.

பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், ஒரேயொரு மூட்டில், அதிலும் முழங்காலில்தான் இது வரும். கணுக்காலில் வருவது குறைவு. 1980இல் அமெரிக்காவில் வெளியான கணிப்பின்படி ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் ஏறத்தாழ இருவருக்கு. பின்னர் வந்த கணக்குகள் அதைவிடக் கூடுதலாகச் சொல்கின்றன, என்றாலும் அரிய நோய்தான். லொத்தர்ச் சீட்டில் எனக்கு ஒருநாளும் நூறு ரூபாய்கூட விழுந்ததில்லை.

இனி, பெயர் மாறின கதை. நீண்ட காலமாக இதை அழற்சி என்றே பலர் கருதினார்கள். 2006இல் வெளியான ஆய்வு வேறு விதமாகக் காட்டியது. சவ்வில் உள்ள மிகச் சில கலங்களில் நிறமூர்த்தம் ஒன்றும் இரண்டும் உடைந்து இடம்மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ஒரு பரம்பரையலகு அடங்காமல் வேலை செய்து, சி.எஸ்.எஃப்.1 என்ற புரதத்தை அளவுக்கு மிஞ்சி உண்டாக்குகிறது. அந்தப் புரதம் இரத்தத்திலிருந்து விழுங்கு கலங்களை அழைக்கிற குரல். இடைவேளையில் ஒருத்தி கன்ரீன் வாசலில் நின்று "ரோல்ஸ் வந்திட்டுது" என்று கத்தினால் என்ன நடக்கும்? அந்த இடத்தை அடைத்து நிற்கிற கூட்டத்தில் கத்தினவள் ஒருத்திதான், மற்றவர்கள் எல்லாம் கேட்டு ஓடி வந்தவர்கள். என் கணுக்காலில் இருந்த கட்டியும் அப்படித்தான். பிழையான கலங்கள் சில, மீதியெல்லாம் அழைக்கப்பட்டு வந்தவை. ஆகவே இது கட்டி இனம். பரம்பரையாக வருவதில்லை, தொற்றுவதில்லை.

கட்டி என்ற சொல்லை அந்தக் கொழும்பு நிபுணர் உச்சரித்தவுடன் என் தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். புற்றுநோயா என்று நான் கேட்கவில்லை, அவள் கேட்டாள். "இல்லை, தீங்கற்ற கட்டி" என்றார் அவர். உடலின் வேறு இடங்களுக்குப் பரவாது, புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது என்றும் சொன்னார். நாங்கள் இருவரும் வெளியே வந்து வெள்ளவத்தையில் ஐஸ்கிறீம் குடித்தோம்.

ஆனால் அந்தத் "தீங்கற்ற" என்ற சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. உயிரை எடுக்காது என்பதுதான் அதன் பொருள். மூட்டை எடுக்காது என்று பொருள் இல்லை. அந்தப் பத்து வருடத்தில் துருப்பிடித்த சவ்வு என் கசியிழையத்தை ஓரத்திலிருந்து அரித்து, எலும்பிலும் இரண்டு குழிகள் தோண்டியிருந்தது. 1992இல் சுத்தமாக இருந்த எக்ஸ்ரே 2002இல் சுத்தமாக இல்லை.

சத்திரசிகிச்சை இடுப்புக்குக் கீழே விறைக்கப்பண்ணிச் செய்தார்கள். கணுக்காலில் இது இலேசான வேலை அல்ல. முன்னாலும் பின்னாலும் தசைநாண்கள், நரம்புகள், இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அவற்றை விலக்கி, இரண்டு பக்கத்தாலும் திறந்து, சவ்வைச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுத்ததைப் போத்தலில் போட்டுக் காட்டினார்கள். தேங்காய்த் தும்பைத் துருத் தண்ணீரில் ஊற வைத்தது போல இருந்தது. பத்து வருடமாக நான் சுளுக்கு என்று அழைத்தது அதுதான். நுணுக்குக்காட்டிப் பரிசோதனை நோயை உறுதிப்படுத்தியது. ஆறு கிழமை ஊன்றுகோல். அதன் பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்னை நடக்கப் பழக்கினார். எங்கள் விளையாட்டு ரீச்சரைவிடக் கண்டிப்பு. ரீச்சர் மன்னிக்க வேண்டும், இது புகழ்ச்சி.

மூட்டு முழுவதும் பரவின வகை திரும்பி வரக்கூடியது. எவ்வளவு கவனமாக எடுத்தாலும் ஒரு மடிப்பில் கொஞ்சம் தங்கினால் போதும். எனக்கு 2011இல் திரும்பி வந்தது. இம்முறை நான் முதல் வீக்கத்திலேயே போனேன், மூன்றாவது தடவையும் சொன்னேன். ஸ்கானில் பின்பக்கத்தில் மட்டும் இருந்தது, அதை எடுத்தார்கள். கதிர்ச்சிகிச்சையும் சிலருக்குக் கொடுப்பதுண்டு. என் விடயத்தில், உயிராபத்து இல்லாத நோய்க்கு நாற்பது வயதில் கதிர் வேண்டுமா என்று நிபுணரும் நானும் யோசித்து, விட்டுவிட்டோம். அதன் பிறகு வருடா வருடம் பார்த்ததில் அது திரும்பவில்லை.

இப்போது மருந்தும் வந்திருக்கிறது. அந்தக் கன்ரீன் குரலைக் கேட்கவிடாமல் கலங்களின் காதைப் பொத்துகிற மாத்திரைகள். சத்திரசிகிச்சையால் பயனில்லாத வளர்ந்தவர்களுக்காக 2019 ஓகஸ்டில் பெக்ஸிடார்டினிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது ஈரலைப் பாதிக்கக்கூடியது, ஆகவே கடுமையான கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். ஐரோப்பாவில் 2020இல் அதற்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். இந்த வருடம் பெப்ரவரியில் விம்செல்டினிப் என்ற இன்னொன்றை அமெரிக்கா அனுமதித்திருக்கிறது. என் தோழி செய்தி வெளிவந்த அன்றே எனக்கு அனுப்பினாள். எனக்கு இப்போது தேவை இல்லை என்று பதில் எழுதினேன். "தெரிஞ்சு வைச்சிரு" என்று அவள் எழுதினாள்.

எனக்கு இப்போது இருக்கிற பிரச்சினை துரு அல்ல, துரு விட்டுப்போன மூட்டு. கசியிழையம் தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசுகின்றன. அந்த மூட்டை ஆணி வைத்து நிரந்தரமாகப் பொருத்திவிடலாம் என்கிறார்கள். பொருத்தினால் நோ போகும், அசைவும் போகும். வருகிற தவணை விடுமுறையில் செய்துகொள்ளத் தீர்மானித்திருக்கிறேன். இதை வீட்டுக்கு வெளியே இன்றுதான் முதலில் சொல்கிறேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்குப் போய் எல்லோரும் காலைப் பிசைந்து பார்த்துப் பயப்பட வேண்டாம். நூறு கணுக்கால் வீங்கினால் நூறும் சுளுக்காகவே இருக்கக்கூடும். சுளுக்குக்கு ஒரு நாளும் ஒரு காரணமும் இருக்கும், விழுந்தேன், பிரண்டது என்று சொல்ல முடியும், கிழமைக்குக் கிழமை குறையும். அடிபடாமல் வீங்கினால், ஆறு கிழமை கழித்தும் வீங்கியே இருந்தால், வற்றி வற்றித் திரும்பி வந்தால், எக்ஸ்ரே சுத்தம் என்று சொன்னாலும் மறுபடி போய்க் கேளுங்கோ. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், சவ்வைக் காட்டாது. போகும்போது எப்போது வீங்கியது, எப்போது வற்றியது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கோ. நான் எழுதியிருந்தால் அந்தப் பிளேன்ரீ நிறத்தைப் பார்த்த வைத்தியர் என்னை நம்பியிருப்பார்.

விளையாட்டுக்குப் பொறுப்பான ரீச்சரிடம் போன மாதம் ஒரு கொப்பி கொடுத்திருக்கிறேன். யாருக்கு எந்தக் கால், எந்தத் திகதி, எத்தனை நாளில் மாறியது என்று அதில் எழுதலாம். முதல் பக்கத்தில் என்னுடையதை எழுதியிருக்கிறேன், 1992 முதல்.

வருகிற இல்ல விளையாட்டுப் போட்டியில் பழைய மாணவிகள் ஓட்டத்துக்கு என் பெயரைப் போட வேண்டாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். மூட்டைப் பொருத்தினால் காயம் ஆற மூன்று மாதம் செல்லும். ஆனால் நேரம் குறிக்கிற மேசையில் ஒரு கதிரை வேண்டும், காலை நீட்டுவதற்கு இன்னொன்றும் வேண்டும். இருபது நிமிடம் முடிந்துவிட்டது, செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.